இரண்டு இருக்கை வண்டி

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, கடைவீதியின் நட்டநடுவில், சிக்னலுக்குக் கீழே வண்டி மண்டையைப் போட்டது. இன்ஜின் என்னவோ ஜோராகத்தான் உறுமியது. கியரும் விழுந்தது. சக்கரம் மட்டும் எனக்கென்ன என்று நின்றது. பின்னால் இருந்தவர்கள் ஹாரனில் கையை வைத்துக்கொண்டு டெய்லரின் பரம்பரையையே விசாரித்தார்கள். அவர் இறங்கித் தள்ளினார். பக்கத்து இருக்கையில் இருந்த மாமனார் இறங்கவில்லை. "தள்ளுங்க மாப்ளே, அப்படித்தான்" என்று உள்ளிருந்தபடியே தெம்பு கொடுத்தார்.

வண்டி டெய்லருடையது அல்ல, மனைவியுடையது. தரையோடு தரையாகக் கிடக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். அதில் ஏறுவது என்று ஒன்று கிடையாது, விழ வேண்டும். அவள் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு, பதினொரு வருஷமாக இப்படித்தான். கல்யாணமான புதிதில், அவள் கப்பலிலேயே கடைக்குட்டி இன்ஜினியராக இருந்தபோது, கேலியாக 'சீஃப்' என்று கூப்பிட ஆரம்பித்தார். இப்போது அவள் நிஜமாகவே சீஃப் இன்ஜினியர். சட்டைக்கு அளவு கொடுக்க வந்த முதல் நாளில் அவள் அவரை 'டெய்லர்' என்று கூப்பிட்டாள், கல்யாணத்துக்குப் பிறகும் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய கப்பல் தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெரிய துறைமுகத்தில் ஆறு மணி நேரம் நிற்கப் போகிறது. இந்த ஒன்பது மாதம் அதோடு முடிகிறது. ஆனால் கம்பெனி இறங்க வேண்டாம், இன்னொரு ஒன்பது மாதம் இரு என்று கேட்கிறது. போன சனிக்கிழமை போனில் அவள் இதைச் சொன்னபோது, டெய்லர் என்ன சொன்னார் தெரியுமா? "உன் இஷ்டம்" என்றார். பதினொரு வருஷமாக அவர் சொல்லிவரும் இரண்டு வார்த்தைகள். போனை வைத்த பிறகு தன் வாயில் தானே போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

வந்துவிடு என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் விஷயம். அதை எங்கே வைத்துச் சொல்வது என்பதுதான் பிரச்சினை. துறைமுகத்தில் பார்வையாளர் கூடம் என்று ஒன்று இருக்கிறது. நீளமான பெஞ்சுகள், அழுகிற குழந்தைகள், அரையடிக்கு ஒரு குடும்பம். அங்கே மனிதன் வாயைத் திறப்பானா? அதோடு சீஃப் முகத்தைப் பார்த்துப் பேசுகிற ஆளே அல்ல. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்து, கண் ரோட்டில் இருந்தால்தான் மனசில் இருப்பது அவளுக்கு வாய்க்கு வரும். வீட்டில் இருப்பதே இரண்டு அறை. மாமனாருக்குக் காது மந்தம் என்று பெயர், ஆனால் அவருக்குச் சம்பந்தமில்லாத பேச்சு ஒன்றைக்கூட அந்தக் காது தவறவிட்டதில்லை. ஆகவே புருஷனும் பெண்டாட்டியும் தனியாக உட்கார அந்த வீட்டுக்கு இருந்த மூன்றாவது அறை இந்த வண்டி. இருக்கை இரண்டே இரண்டு, மூன்றாவது ஆளுக்கு இடமே கிடையாது. கல்யாணத்தைப் பேசி முடித்தது இதில்தான். இனிமேல் குழந்தைக்கு வாய்ப்பில்லை என்று டாக்டர் சொன்ன அன்று, ஊரைச் சுற்றிச் சுற்றி வந்து, பெட்ரோல் தீர்ந்து நின்றதும் இதில்தான்.

அந்த வண்டிக்குத்தான் ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள் இருக்கையில் கிளட்ச் போனது. பழைய வண்டி, வரிசையில் போட்டால் பத்து நாள் ஆகும் என்று ஒர்க்‌ஷாப்காரர் கைவிரித்துவிட்டார். நல்லவேளையாக, சீஃப் எதையும் முன்கூட்டியே வாங்கி வைக்கிறவள். துணி அலமாரியின் கீழ்த்தட்டில், போர்வைகளுக்குப் பின்னால், எண்ணெய்த் தாளில் சுற்றிய புது கிளட்ச் செட் இருந்தது. டெய்லர் கடைக் கதவில் 'மூன்று நாள் விடுமுறை' என்று எழுதி ஒட்டினார். ஞாயிற்றுக்கிழமைக்குக் கோட்டு கேட்டிருந்த ஒரு வக்கீல் போன் மேல் போன் போட்டார். டெய்லர் எடுக்கவில்லை.

வீட்டின் பக்கவாட்டில் தகரக்கூரை போட்ட இடம். சீஃப் வாங்கி வைத்திருந்த நான்கு இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் வண்டியை ஏற்றிவிட்டு, டெய்லர் அடியில் புகுந்தார். லீவில் வந்தபோதெல்லாம் அவள் செய்வதை விளக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்ததுதான் அவருடைய மொத்தப் படிப்பு. மாமனார் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முப்பது வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவர். அந்தக் கண்ணால் ஒவ்வொரு போல்ட்டையும் சந்தேகமாகப் பார்த்தார்.

டெய்லருக்கு அவருடைய முறைதான் தெரியும். பழைய படுக்கை விரிப்பொன்றைத் தரையில் விரித்து, தையல் சாக்பீஸால் கியர்பாக்ஸின் உருவத்தை வரைந்துகொண்டார். கழற்றுகிற ஒவ்வொரு போல்ட்டையும் படத்தில் அதனதன் இடத்தில் துணியைத் துளைத்துச் செருகினார். கியர்பாக்ஸை ஜாக்கி மேல் தாங்கவைத்து, அங்குலம் அங்குலமாகப் பின்னுக்கு இழுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. உள்ளே இருந்த மூடியின் கடைசி போல்ட்டைத் தளர்த்தியதும், பழைய கிளட்ச் பிளேட் தொப்பென்று அவர் நெஞ்சில் விழுந்து உருண்டது. எரிந்த நாற்றம் குப்பென்று அடித்தது. பிளேட் ரிவெட் வரைக்கும் தேய்ந்திருந்தது. அது ஏன் தேய்ந்தது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அதை மாமனாரும் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை புதிய பிளேட்டை மாட்டினார். அதை நடுவில் சரியாக நிறுத்த ஒரு கருவி வேண்டுமாம். டெய்லர் துடைப்பக் கட்டையை வெட்டி, அளவு சரியாக வரும்வரை துணி நாடாவைச் சுற்றி, தானே ஒன்று செய்துகொண்டார். இந்த இடத்தில் அவர் செய்த தப்பை வேறு எந்த மெக்கானிக்கும் இந்தக் காரணத்துக்காகச் செய்திருக்க மாட்டான். இருபத்தைந்து வருஷமாக எதைக் கையில் எடுத்தாலும் அவருடைய விரல் முதலில் நல்ல பக்கம் எது, உள்பக்கம் எது என்றுதான் தடவிப் பார்க்கும். பிளேட்டின் ஒரு முகம் சமதட்டையாக, பார்க்க லட்சணமாக இருந்தது. மறுமுகத்தில் நடுவே ஸ்பிரிங்குகள் புடைத்துக்கொண்டு கரடுமுரடாக இருந்தன. கோட்டு தைக்கிற கைக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கரடுமுரடை உள்ளே இன்ஜின் பக்கம் தள்ளி, லட்சணத்தை வெளியே வைத்து, ஆறு போல்ட்டையும் முடுக்கினார்.

சாயங்காலம் எல்லாம் பூட்டி, இன்ஜினைக் கிளப்பி, பெடலை மிதித்துக் கியரைத் தள்ளினார். கறமுற என்று ஒரு சத்தம். கியர் விழவில்லை. மறுபடி மிதித்தார். மறுபடி கறமுற.

"பல் கடிக்குது மாப்ளே" என்றார் மாமனார்.

"கேக்குது மாமா."

"எனக்கே கேக்குதுன்னா பாத்துக்குங்க."

டெய்லர் இன்ஜினை அணைத்தார். சனிக்கிழமை காலை முழுவதும் பெடல் பக்கத்தைத் திருகினார், எண்ணெய்க் குழாயைப் பிரித்துக் காற்றை எடுத்தார், வெளியிலிருந்து எட்டுகிற எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். கியர் மசியவே இல்லை. பன்னிரண்டு மணிக்கு போன் அடித்தது. சனிக்கிழமை பன்னிரண்டு மணி என்றால் அது சீஃப்தான்.

"டெய்லர், வண்டி எப்படி இருக்கு?"

எப்போதும் இதுதான் முதல் கேள்வி. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்பது அப்புறம்தான். அதில் டெய்லருக்கு ஒரு பொறாமைகூட உண்டு.

"நல்லா..." என்று ஆரம்பித்தவருக்கு மேலே ஓடவில்லை. "நல்லா இல்ல சீஃப். கிளட்ச் போயிடுச்சு. நானே கழட்டிப் புதுசு போட்டேன். மிதிச்சா கியர் விழ மாட்டேங்குது."

"நீங்க கழட்டுனீங்களா?"

"மாமாவும் இருந்தார்."

"அப்பா என்ன செஞ்சார்?"

"நாற்காலியில உக்காந்தார்."

அவள் சிரித்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு. அதைக் கேட்கத் தினம் ஒரு கிளட்ச் போனாலும் பரவாயில்லை என்று தோன்றியது.

"சரி, பழைய பிளேட்டை எடுத்துப் பாருங்க. எப்படித் தேஞ்சிருக்கு?"

"ரிவெட் வரைக்கும். ஒரே கருகல் வாடை. அது மாட்டியிருந்த ஃப்ளைவீல்லயும் நீல நீலமா திட்டு. எமரி பேப்பர் போட்டுத் தேய்ச்சிட்டேன்."

"போன லீவுல நான் போட்ட பிளேட் அது. நாலு வருஷம் வந்திருக்கணும். மேட்டுல பாதி கிளட்ச்லயே வண்டியைப் புடிச்சு வச்சிருக்கீங்க. எங்க வச்சு?"

டெய்லர் வாயைத் திறப்பதற்குள் நாற்காலியிலிருந்து குரல் வந்தது. "ஞாயித்துக்கிழமை தவறாம, தண்ணித் தொட்டி மேட்டுலம்மா!"

காது மந்தமாம்.

அதற்குப் பிறகு மறைக்க என்ன இருக்கிறது? டெய்லர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஊரின் கோடியில் தண்ணீர்த் தொட்டி மேடு. அதன் உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு வளைவில் கடல் தெரியும். ஆனால் அங்கே வண்டியை நிறுத்தக் கூடாது, போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்று காவலாளி கம்போடு வருவான். டெய்லர் நிறுத்தமாட்டார். பிரேக்கைத் தொடாமல், பாதி கிளட்ச்சில், ஆமையைவிட மெதுவாக அந்த வளைவை ஏறுவார். இருபது நிமிஷம் ஏறுவார். ஓடுகிற வண்டியைக் காவலாளி என்ன செய்ய முடியும்?

"அந்தப் பக்கம் என் கப்பல் வராதே டெய்லர்" என்றாள்.

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு?"

"கடல் தெரியுதில்ல."

அவள் பேசியபோது குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. "புது பிளேட்டை எந்தப் பக்கம் வச்சு மாட்டினீங்க?"

"நல்ல பக்கம் வெளிய."

"நல்ல பக்கமா?" என்றவள், விஷயம் புரிந்ததும், "அட என் டெய்லரே! அது கோட்டு இல்ல. ஸ்பிரிங் புடைச்சிருக்கிற பக்கம் கியர்பாக்ஸைப் பாத்து இருக்கணும். திருப்பி மாட்டுங்க" என்றாள். வைப்பதற்கு முன்னால், "நாளைக்கு எப்படியாவது இதுலயே வாங்க. பஸ்ல வராதீங்க" என்றாள்.

இரண்டாவது தடவை கை தானாக ஓடியது. சாக்பீஸ் படம் காட்டிய வழியில் எல்லாம் கழன்று, எல்லாம் திரும்பி ஏறின. மாமனார்கூட எழுந்து வந்து, வண்டிக்குள் உட்கார்ந்து, சொன்னபோதெல்லாம் பெடலை மிதித்துக் கொடுத்தார். வெளிச்சம் போவதற்குள் வண்டி தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டது. கியர் வெண்ணெய் போல விழுந்தது.

"கேட்டுடுங்க மாப்ளே" என்றார் மாமனார், இறங்கிக்கொண்டே.

"என்ன கேக்கணும் மாமா?"

"எனக்கென்ன தெரியும்? நான் காது கேக்காதவன்."

ஞாயிற்றுக்கிழமை துறைமுக வாசலில் அவள் சாம்பல் நிற யூனிஃபார்மில் நின்றாள். இளைத்திருந்தாள். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தாள். முதலில் வண்டியை ஒரு சுற்று வந்தாள், பிறகு அவருக்கு முன்னால் வந்து, க்ரீஸ் போகாத அவருடைய நகங்களைப் பார்த்தாள். சாவிக்குக் கையை நீட்டினாள்.

சரக்குக் கிட்டங்கிகளுக்குப் பின்னால் நேரான, ஆள் நடமாட்டமில்லாத ஒரு சாலை போனது. முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது. "நல்லா புடிக்குது" என்றாள். டெய்லர் தன் வாழ்க்கையில் எத்தனையோ பேரிடம் பாராட்டு வாங்கியிருக்கிறார். இதைக் கேட்டதும் மட்டும் க்ரீஸ் படிந்த விரல்களை மடக்கிக்கொண்டார். அப்பாவின் முழங்கால்வலி, கூரையில் ஒழுகல், வக்கீலின் கோட்டு என்று பேச்சு எங்கெங்கோ போனது. சாலை தீர்ந்து, அவள் வண்டியைத் திருப்பினாள். இன்னும் நான்கு மணி நேரம். இன்னும் மூன்றரை. அவர் கண்ணை ரோட்டிலேயே வைத்துக்கொண்டார்.

"சீஃப், போதும். இறங்கி வீட்டுக்கு வந்துடு. நீ இல்லாம எனக்கு முடியல."

அவள் கியரைக் குறைத்தாள். சாலையில் எதுவும் இல்லை, குறைக்கக் காரணமும் இல்லை. கொஞ்ச தூரம் போனதும் வண்டி ஓரமாக நின்றது. ஆனாலும் அவள் கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்கவில்லை.

"வெள்ளிக்கிழமையே கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றாள். "எனக்குப் பதிலா வர வேண்டியவரை வேற கப்பலுக்கு அனுப்பிட்டாங்க."

டெய்லர் அவள் பக்கம் திரும்பினார்.

"உன் இஷ்டம்னீங்க. ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொன்னீங்க. நான் இருந்தா என்ன, போனா என்ன, ரெண்டும் இவருக்கு ஒண்ணுதான்னு நெனச்சுக்கிட்டேன். பதினோரு வருஷமா அப்படித்தான் நெனச்சேன்." முகத்தை இன்னும் திருப்பவில்லை. "நேத்து போன்ல அந்த மேட்டுக் கதையைக் கேட்டப்பதான் தெரிஞ்சுது. ஒரே ஒரு நாள், டெய்லர்."

தடுத்தால் உன் சிறகை ஒடித்த பாவம் வரும் என்றுதான் இத்தனை வருஷமும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன் என்று அவர் சொன்னார். சொன்னபோது அது எத்தனை அசட்டுத்தனமாக இருக்கிறது என்று அவருக்கே கேட்டது. அவள் முதல் தடவையாக ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, அவர் பக்கம் முழுதாகத் திரும்பி, அவர் முகத்தைப் பார்த்து அழுதாள். மிச்சமிருந்த மூன்று மணி நேரமும் வண்டி அங்கேயே நின்றது.

கப்பல் போன பிறகு டெய்லர் ஓட்டுநர் இருக்கையில் விழுந்தார். முழங்கால் டேஷ்போர்டில் இடித்தது. அவள் இருக்கையைத் தன் உயரத்துக்கு முன்னால் இழுத்துவைத்திருந்தாள். இருக்கையைப் பின்னால் தள்ளக் கீழே கையை விட்டு நெம்புகோலைத் தேடியவர், தொட்டதும் கையை எடுத்துக்கொண்டார். தொண்ணூறு கிலோமீட்டரும் குறுகி உட்கார்ந்து, கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் முழங்காலில் அடி வாங்கிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்.