பாட்டு முடிந்தபின் இருபது நிமிடம்

ஞாயிறு மாலை நான்கு மணிக்கு இணையத்தில் நேரலையாகப் போகும் பாட்டு நிகழ்ச்சி அது. ஒரு பாடகி, ஒரு கீபோர்டு, ஒரு கிட்டார், தாளத்துக்கு ஒருவர். வாடகைக் கூடம் ஒன்றில் நாற்காலிகளை ஓரங்கட்டிவிட்டு வாசிப்பார்கள். ஒலிக்குப் பொறுப்பு இன்னொரு பெண். சுருள் சுருளாக ஒயரைத் தோளில் மாட்டிக்கொண்டு அலைவதால் எல்லோருக்கும் ‘ஒயர் அக்கா’. வயது நாற்பத்தாறு. தம்பி கல்யாணமாகித் தனியாகப் போனபின் வீட்டில் அவளும் ஒரு பழைய ஃப்ரிட்ஜும்தான். இருவரில் அதிகம் சத்தம் போடுவது ஃப்ரிட்ஜ்.

ஆறு மாதத்தில் பார்ப்பவர்கள் பாதியாகக் குறைந்துபோனார்கள். மூன்றாம் பாட்டுக்குள் பலரும் கழன்றுகொள்கிறார்கள் என்று கணினி காட்டியது.

“ஏன் போறாங்கன்னு அவங்களையே கேட்டுடுவோம்,” என்றார் மேனேஜர். நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்குவதும் அவர்தான். பதிவு செய்தவர்களின் எண்கள் கையில் இருந்தன. இருபது பேர் கொண்ட பட்டியல் ஒயர் அக்காவின் தலையில் விழுந்தது.

திங்கட்கிழமை உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். “பாட்டு நல்லாத்தாங்க இருக்கு. நடுவுல ஒருத்தர் பத்து நிமிஷம் பேசறாரே, அப்ப எந்திரிச்சுப் போயிடறேன்,” என்றாள் ஒரு பெண். இன்னொருத்தி குக்கரை இறக்கப் போனவள், திரும்பி வரவில்லையாம். ஒருவர் ஏதோ விற்பதற்குக் கூப்பிடுகிறாள் என்று நினைத்துத் திட்டிவிட்டு வைத்தார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.

கடைசி ஆளின் கதை வேறு. அவர் பாதியில் போகிறவர் அல்ல. நிகழ்ச்சி முடிந்த பிறகும் வாராவாரம் இருபது நிமிடம் இணைப்பிலேயே இருந்தார். அணைக்க மறந்துவிடுகிறார் போலும் என்று நினைத்துத்தான் கேட்டாள்.

“மறக்கறதெல்லாம் இல்லீங்க மேடம். நான் லிஃப்ட் மெக்கானிக். நாள் பூரா தனியாத்தான் வேலை, வீட்லயும் தனிதான். நீங்க படத்தை நிறுத்திடறீங்க. மைக்கை நிறுத்தறதில்லையே!”

அவளுக்குத் திக்கென்றது. ஒயரையெல்லாம் சுற்றி முடித்தபிறகுதான் அவள் கருவியை அணைப்பாள். அதுவரை கறுப்புத் திரையில் சத்தம் மட்டும் போய்க்கொண்டிருந்திருக்கிறது, மாதக்கணக்காக.

“ஐயையோ! என்னல்லாம் கேட்டீங்க?”

“பயப்படாதீங்க. நாற்காலி இழுக்கற சத்தம். கீபோர்டுக்காரர் செருப்பைக் காணோம்னு தேடுவாரு. பாடகியம்மா பிளாஸ்க்ல மிச்சம் இருக்கறத குடிச்சுத் தீத்துடுங்கன்னு எல்லாரையும் நச்சரிப்பாங்க. நீங்க ‘காலைப் பாத்து வைங்க, ஒயரு, ஒயரு’ம்பீங்க. வீட்ல நாலு பேர் இருக்கற மாதிரி இருக்கும். பாட்டு எங்க வேணா கேட்டுக்கலாம், மேடம்.”

தன் குரலுக்காக ஒரு ஆள் காத்திருந்திருக்கிறார். “சாப்பிட்டாச்சா?” என்று கேட்டாள்.

“இனிமேதான்,” என்றார் அவர்.

அவள் சொன்னதைக் கேட்டதும் மேனேஜர் மேசையைத் தட்டினார். “இதாம்மா நமக்கு வேணும்!” தன் பேச்சைப் பெருந்தன்மையாக இரண்டு நிமிடமாக வெட்டிக்கொண்டார். கடைசிப் பாட்டுக்குப் பிறகு இருபது நிமிடத்துக்குக் ‘கடை கட்டும் நேரம்’ என்று பெயர் வைத்து, இரண்டு கேமராவும் வைத்தார். ஒரே மாதத்தில் கூட்டம் மூன்று மடங்கானது. பிளாஸ்க் வெளிச்சம் விழும் இடத்துக்கு வந்தது. கீபோர்டுக்காரர் செருப்பைத் தானே ஒளித்துவைத்துவிட்டுத் தேடினார். “அக்கா, குறுக்க வராதீங்க, படத்துல விழறீங்க,” என்றார்கள் இவளிடம். எல்லாம் முடியும்வரை மூலையில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாம் வாரம் பார்வையாளர் பட்டியலில் மெக்கானிக்கைக் காணவில்லை. நான்காம் வாரமும் இல்லை. மறுநாள் மாலை அவளே கூப்பிட்டாள்.

“உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?”

“நல்லா இருக்கேன் மேடம். நிகழ்ச்சியும் நல்லாத்தான் பண்றாங்க. ஆனா முன்ன அவங்க பாட்டுக்குப் பேசிட்டு இருந்தாங்க. இப்ப நம்மளப் பாத்துப் பேசறாங்க.” பிறகு அவரே சொன்னார்: “எதிர் வீட்டுக்குப் புதுசா குடிவந்திருக்காங்க. மூணு புள்ளைங்க. எந்நேரமும் எங்க வீட்லதான் கேரம். காதுல பஞ்சு வைக்காத குறைதான்.”

பின்னால் ஒரு குழந்தை கத்தியது: “மாமா, உங்க ஆட்டம்!”

“வச்சிடட்டுங்களா மேடம்?”

“வைங்க, வைங்க. போய் ஆடுங்க.”

அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. போனை மேசையில் வைக்கும்வரை இருந்தது.

அடுத்த ஞாயிறு, வேலை முடிந்து அவள் பஸ்ஸுக்கு நின்றபோது காரிலிருந்து கீபோர்டுக்காரர் தலையை நீட்டினார். “ஒயர் அக்கா, வாங்க. நெருக்கி உட்காந்துக்கலாம்.”

மூன்று வருடத்தில் முதல் தடவை. ஏறிக்கொண்டாள். உள்ளே ஓட்டுபவரைத் தவிர எல்லோரும் போனில் குனிந்து, பார்த்தவர்கள் எழுதியிருந்ததை ஒருவருக்கொருவர் படித்துக்காட்டிச் சிரித்தார்கள். அவளும் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள்.

“அக்கா, உங்க வீடு எந்தப் பக்கம்?” என்று பாடகி தலை நிமிராமல் கேட்டாள்.

“பக்கத்துலதான். இந்த சிக்னல்லயே விட்டுடுங்க.”

வீடு இன்னும் இரண்டு நிறுத்தம் தள்ளி இருந்தது. கார் திரும்பும்வரை கையசைத்துக்கொண்டு நின்றாள். இருட்ட நேரம் இருந்தது. அவசரமாகப் போய்ச் சேரவும் ஒன்றும் இல்லை. பையைத் தோள் மாற்றிக்கொண்டு மெதுவாக நடந்தாள்.