ஒரு பக்கத்து விசில்

இன்னும் கொஞ்சம் கீழே. அங்கே இல்லை, இடது பக்கம். அவசரப்படாதீர்கள், மூச்சை விடும்போதுதான் அது வரும்.

நெஞ்சு டாக்டரின் ஸ்டெதாஸ்கோப் முதுகில் நகர நகர, அவள் மனசுக்குள் வழி சொல்லிக்கொண்டிருந்தாள். வாய்விட்டுச் சொல்வதில்லை என்ற தீர்மானத்தோடு வந்திருந்தாள். எட்டு மாதத்தில் இரண்டு டாக்டர்களிடம் சொல்லியாயிற்று. ஒருவர் சிரித்தார். இன்னொருவர், "எக்ஸ்ரே கண்ணாடி மாதிரி இருக்கும்மா, இது ஆஸ்துமா" என்று இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். சளிப் பரிசோதனையிலும் ஒன்றுமில்லை. இருமல் நிற்கவில்லை. உடம்பு இளைத்துக்கொண்டே போய், ரவிக்கைகளை மூன்று தடவை பிடித்துத் தைத்தாயிற்று.

ஸ்டெதாஸ்கோப் ஓரிடத்தில் நின்றது. விலகியது. திரும்ப அங்கேயே வந்தது.

"இந்த விசில் இங்க மட்டும்தான் கேக்குது. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் டாக்டர். ரப்பர் ட்யூப் வச்சுக் கேட்டேன்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள்.

"தையல் கம்பெனியில மெஷின் மெக்கானிக் நான். சத்தம் எங்கேர்ந்து வருதுன்னு அப்படித்தான் கண்டுபிடிப்போம். ஆஸ்துமான்னா ரெண்டு பக்கமும் கத்தணும்ல? இது ஒரே எடம். ஏதோ குழாய் அடைச்சிருக்கு."

"என் வேலைக்கு உலை வச்சிடுவீங்க போலிருக்கே" என்றாள் டாக்டர். ஆனால் சிரிக்கவில்லை. உள்ளே கேமரா விட்டுப் பார்க்க நாள் குறித்தாள்.

தொண்டை மரத்துப்போக மருந்தடித்து, மூக்கு வழியாகக் குழாயை இறக்கினார்கள். பிறகு டாக்டர் படத்தைக் காட்டினாள். இடது மூச்சுக்குழாய் பென்சில் நுழையாத அளவுக்குச் சுருங்கியிருந்தது. சுவரெங்கும் திரிந்த பால் போல வெள்ளைத் திட்டுகள். அங்கிருந்து சுரண்டி எடுத்ததில் முடிவு வந்தது. டி.பி. குழாய்க்குள் ஒளிந்திருந்ததால் எக்ஸ்ரேயில் சிக்கவில்லை.

அவளுக்கு முதலில் வந்தது பயமல்ல. நான் சொன்னேனே என்ற நிமிர்வு. அது வீட்டு வாசல்வரைகூட நிலைக்கவில்லை. செருப்பைக் கழற்றும்போது கம்பெனி ஜன்னல்கள் ஞாபகத்துக்கு வந்தன. வெள்ளைத் துணியில் தூசி படிகிறது என்று மெஷின் ரூமின் நான்கு ஜன்னல்களையும் ஸ்க்ரூ போட்டு அடைத்தவள் அவள்தான். ஒவ்வொன்றுக்கும் ஆறு ஸ்க்ரூ, தன் கையாலேயே முறுக்கினாள். அந்த அறைக்குள்தான் எட்டு மாதம் இருமினாள், பதினாறு பேருக்கு நடுவே.

மறுநாள் சாயங்காலம் கணவனின் அக்கா வந்தாள். வீட்டில் அவளுக்கு அண்ணி, கம்பெனியில் சூப்பர்வைசர். இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். மேசைமேல் ஆஸ்பத்திரியில் கொடுத்த படிவம் கிடந்தது. கூட வேலை செய்கிறவர்களின் பெயரை எழுதித் தர வேண்டும், அவர்களையும் பரிசோதிப்பார்கள். அண்ணி அதை விரல் நுனியால் தள்ளி வைத்தாள்.

"வீசிங்னே சொல்லிடு. மருந்து சாப்பிடு, ஆறு மாசம் லீவு போடு. உன் எடத்துல யாரையும் உக்கார விடமாட்டேன், அது என் பொறுப்பு. இதைக் குடுத்தேன்னு வை, நாளைக்கே தையல் லைனே நின்னுடும். அப்புறம் முதலாளி உன்னைத் திரும்ப உள்ள விடுவாரா?"

"அக்கா சொல்றதும் நியாயம்தானே" என்றான் கணவன், ஜன்னலைப் பார்த்தபடி.

அண்ணி அலமாரியிலிருந்த பழைய இன்ஹேலரை எடுத்து அவள் முன்னால் வைத்தாள். "யாராவது பாக்க வந்தா இது கையில இருக்கட்டும்."

அவள் அதைப் பார்த்தாள். எட்டு மாதம் தெரியாமல் தப்புப் பெயர் சொன்னார்கள். அதை மன்னித்துவிடலாம். இப்போது தெரிந்துகொண்டு அதே பெயரை என் வாயால் சொல்லச் சொல்கிறார்கள். மெஷின் ரூமில் பட்டன் தைக்கிற பட்டன் அக்கா போன வாரம் இருமினாள். தூசி என்று சொல்லித் தண்ணீர் கொடுத்தவள் நான்.

படிவத்தை இழுத்துக்கொண்டாள். பேனாவைத் திறந்து முதல் கட்டத்தில் வைத்தவள் நின்றுவிட்டாள். இத்தனை வருஷப் பழக்கத்தில், செய்கிற வேலையையும் ஆளையும் வைத்து காஜா அக்கா, பட்டன் அக்கா, குட்டச்சி என்றே கூப்பிட்டு, ஒருத்தியின் பெயரும் அவளுக்குத் தெரியவில்லை. பெயர்கள் இருக்கும் வருகைப் பதிவேடு அண்ணியின் பொறுப்பில்.

"அண்ணி, காஜா அக்காவோட சொந்தப் பேரு என்ன?"

அண்ணி இன்ஹேலரை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தினாள். கணவன் ஒருமுறை செருமினான். பேனா முனை நின்ற இடத்தில் மை ஊறி ஒரு சின்ன நீல வட்டமாகப் பரவியது. அவள் கையை எடுக்கவில்லை. மூச்சை விட்டபோது இடது பக்கத்து விசில் மூன்று பேருக்கும் கேட்டது.