நுரை வெளுக்கிற வரைக்கும்

1

இந்தக் கதையை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது, என் நாத்தனார் ஒரே ஒரு தடவை "சரி, இருக்கட்டும்" என்று சொல்லியிருந்தால்.

முழங்கால் சில்லு உடைந்து நான் வீட்டோடு கிடந்த காலம் முழுக்க, என்னை ஆஸ்பத்திரிக்குக் காரில் கூட்டிப்போய்க் கூட்டிவந்தவர் அவர்தான். என் கணவரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். முதல் வாரம், காரிலிருந்து இறங்கும்போது, எல்லோரும் எல்லோரிடமும் சொல்கிற அந்த மூன்றெழுத்துச் சொல்லை அவரிடம் சொன்னேன். அவர் இன்ஜினை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இன்னொரு தடவ அந்த வார்த்தைய சொன்னே, நாளைலேர்ந்து பஸ்ல போ."

அன்றோடு வாயை மூடிக்கொண்டேன். பஸ்ஸில் அப்போது என்னால் ஏறவே முடியாது. இப்போது நடக்கிறேன், மாடி ஏறுகிறேன், பஸ்ஸிலும் ஏறுகிறேன். சொல்ல வேண்டியது மட்டும் தொண்டையிலேயே நிற்கிறது. அதனால்தான் கதை. அந்தச் சொல் இதிலும் வராது. வேண்டுமானால் தேடிப் பாருங்கள்.

2

முதல் வரி அமையவில்லை. எழுதி அடித்தவற்றை மறைக்காமல் வைக்கிறேன்.

"அன்பு என்பது ஒரு நெடுஞ்சாலை, அதில் நாம் எல்லோரும் —" (வேண்டாம். அண்ணி படித்தால் சிரிக்கிற சிரிப்பில் வண்டியை எங்காவது இடித்துவிடுவார்.)

"கார் டயரைச் சுத்தம் செய்ய நல்ல திரவத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று பலரும் —" (இது புட்டியின் முதுகில் ஏற்கெனவே அச்சாகியிருக்கிறது.)

"அவர் ஒரு நாத்தனார்."

இது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் நாத்தனார் என்று படித்ததுமே நீங்கள் உள்ளுக்குள் தயாராகிவிடுவீர்கள். கதவோரம் ஒட்டுக்கேட்பார், கொதிக்கிற பாத்திரத்தில் உப்பை அள்ளிப் போடுவார், தம்பியிடம் கோள் மூட்டுவார் என்று காத்திருப்பீர்கள். இந்த வம்பே வேண்டாமென்று ஒரு வரைவில் அவரை என் அண்ணனாக மாற்றினேன். அண்ணன் காரை ஓட்டினார், கதவைத் திறந்துவிட்டார், ஊன்றுகோலை எடுத்துக் கொடுத்தார். வாயை மட்டும் திறக்கவில்லை. திட்டு இல்லாத காரில் எனக்கு உட்காரப் பிடிக்கவில்லை. நாத்தனாரையே திரும்பக் கூட்டிக்கொண்டேன்.

3

அண்ணி கார் ஓட்டக் கற்றுத் தருகிறவர். சொந்த வண்டி. பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்கிறவர் சொதப்பினால் அவர் மிதிப்பதற்கு. ஆஸ்பத்திரி நாட்களில் அந்த இருக்கையில் நான்.

"அத மட்டும் மிதிச்சிடாத தாயே, இருக்கற ஒரு காலும் போயிடும்" என்பார் தினமும்.

அவர் பாடத்தில் ஒரு சட்டம் உண்டு. டயர் நடைபாதை விளிம்பைத் தொடக் கூடாது. கண்ணாடியைப் பார்க்க மறந்தால்கூட மன்னிப்பார், இதற்கு மன்னிப்பில்லை. என் கணவர் கற்றுக்கொள்ளப் போய் பிளாட்பாரத்தை உரசினார், திரும்பவும் உரசினார்.

"டேய், எறங்கு. நீ நடந்தே பொழச்சுக்கோ."

சொந்தத் தம்பியை நடுத்தெருவில் இறக்கிவிட்டுப் போனவர் அவர். வீட்டில் கார் ஓட்ட ஆளில்லாமல் நான் அண்ணியிடம் போய்ச் சேர்ந்ததற்கும் அதுதான் காரணம்.

(கதைக்காக இதை மிகைப்படுத்தினேனா என்று என் கணவரிடம் கேட்டேன். "கொறச்சு எழுதிருக்க" என்றார்.)

4

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி சாப்பிட வந்தார். சாப்பிட்டுவிட்டு எங்கள் உள்ளறையில் மின்விசிறிக்கு நேர்கீழே படுத்தார். மறுநாள் புதிதாகக் கற்றுக்கொள்ள ஆட்கள் வருகிறார்கள் என்று சொல்லியிருந்தார். நான் கீழே போய் அவர் காரைப் பார்த்தேன். கண்ணாடி போலத் துடைத்து வைப்பவர், என்னை ஏற்றி இறக்கிய காலத்தில் டயர் பக்கமே திரும்பவில்லை போல. நான்கும் பழுப்பேறிக் கிடந்தன. என் இருக்கைப் பக்கத்து இரண்டிலும் பழுப்போடு மஞ்சள் வேறு.

டயரைக் கழுவி வைத்துவிடலாம் என்று தோன்றியது. அதற்கு வாயைத் திறக்க வேண்டியதில்லை. புதிய ஆட்கள் முன்னால் அவர் தலைநிமிர்ந்து நிற்கலாம்.

தெருமுனையில் கார் சாமான் கடை. கடைக்காரரின் பெயர் தெரியாது. கியாரண்டி என்று வைத்துக்கொள்வோம்.

"டயர் கழுவ எது நல்லா இருக்கும்?"

"இத அடிங்க மேடம். அடிச்சிட்டு விட்டுடுங்க, புதுசு மாதிரி மின்னும். கியாரண்டி."

"அழுக்கு போகுமா?"

"அழுக்கு தெரியாது."

"போகுமா, தெரியாதா?"

அவர் அந்தப் புட்டியை எடுத்த இடத்தில் வைத்தார். அடுத்ததை எடுத்தார்.

"இது எல்லாத்தையும் எடுத்துடும். ஆசிட் கலந்தது."

"எல்லாத்தையும்னா?"

"ரிம்முல இருக்கற பெயிண்டையும் சேத்து."

கடைசியில், தூசி படிந்த கீழ்த்தட்டிலிருந்து, படம்கூட இல்லாத ஒரு புட்டியை மனசில்லாமல் நீட்டினார். சோப்பு வகை. கூடவே கெட்டித் தூரிகை.

"இதுக்கு நீங்கதான் தேய்க்கணும் மேடம்" என்றார், துக்கம் விசாரிக்கிற குரலில்.

அதையே வாங்கினேன்.*

* (டயர் கழுவும் வாசகர்களுக்கு: ரப்பரில் வெடிப்பு விழாமல் இருக்கச் சேர்க்கிற சரக்கு ஒன்று மெல்ல வெளியே கசிந்து பழுப்பாகிறது, அதன்மேல் பழைய பாலிஷ், ரோட்டுத் தூசி. மின்ன வைக்கிற திரவம் அதன்மேல் இன்னொரு பூச்சு பூசும், அவ்வளவுதான். டயர் ஆறிய பிறகு, நிழலில் வைத்துக் கழுவுங்கள். திரவத்தைக் காயவிடாதீர்கள். கதை வேண்டாம், இது போதும் என்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.)

5

தெளித்துத் தேய்த்ததும் நுரை கஷாய நிறத்தில் வழிந்தது. கழுவினேன், மறுபடி தெளித்தேன். நுரை கொஞ்சம் வெளுத்தது. இன்னொரு முறை. வெள்ளை நுரை வந்தால் அழுக்கு தீர்ந்தது என்று அர்த்தம், அதுவரை தேய்க்க வேண்டும். என் கணவர் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"அக்கா எழுந்தா நான் இந்தப் பக்கமே வரல" என்று சொல்லிவிட்டு மேலே போனார்.

ஓட்டுநர் பக்கத்து டயர்கள் இரண்டும் கறுகறுவென்று ஆகிவிட்டன. மறுபக்கம் வந்தேன். பழுப்பு போனது. மஞ்சள் போகவில்லை. நுரை வெள்ளையாகத்தான் வந்தது, அதற்கு அடியில் மஞ்சள் அசையாமல் இருந்தது. பில்லில் இருந்த நம்பரைப் பார்த்துக் கியாரண்டிக்குப் போன் போட்டேன்.

"அது பெயிண்ட் மேடம். தின்னர்ல தொடைங்க, போயிடும். கியாரண்டி."

"டயருக்கு ஒண்ணும் ஆகாதே?"

"அதுக்கு மட்டும் கியாரண்டி கிடையாது."

வீட்டில் ஜன்னலுக்குப் பெயிண்ட் அடித்தபோது மிச்சமான தின்னர் இருந்தது. துணியில் நனைத்து எடுத்துவந்தேன். துடைக்கும் முன், எங்கே தொடங்கலாம் என்று டயரை உற்றுப் பார்த்தேன். இந்தக் கதை அங்கேதான் எனக்குக் கிடைத்தது.

6

ஆஸ்பத்திரி வாசலில் நடைபாதை உயரம். விளிம்புக்கு மஞ்சள் பெயிண்ட். முதல் நாள் அண்ணி பாடப்புத்தகம் போல இடைவெளி விட்டு நிறுத்தினார். நான் ரோட்டில் காலை வைத்து, பிறகு உயரமான நடைபாதையில் ஏற முயன்று, ஊன்றுகோல் வழுக்கி, கதவைப் பிடித்துத் தொங்கினேன். அடுத்த நாளிலிருந்து இறங்கும் இடத்தில் கிறீச்சென்று ஒரு சத்தம் கேட்கும். இடைவெளியே இருக்காது. காருக்குள்ளிருந்து பாதத்தை நேராக நடைபாதையில் வைத்துவிடலாம்.

"ரோடு சரியில்ல" என்பார் அண்ணி.

ஒருநாள் என்னை வைத்துக்கொண்டே, அவரிடம் கற்றுக்கொள்கிற ஒரு பெண் டயரைக் காட்டிச் சிரித்தார்.

"டீச்சர், நீங்களே பிளாட்பாரத்த உரசிருக்கீங்க?"

"அவசரத்துல உரசிடுச்சு. நீ உரசாம ஓட்டு."

நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். எந்த ஓட்டுநருக்கும் ஒரு வாசலில் கை தவறும் என்று.

துணியும் கையுமாகக் குந்தியிருந்தபோதுதான் தெரிந்தது. தவறி உரசிய டயரில் ஒரே இடத்தில் கீறல் இருக்கும். இங்கே மஞ்சள் ஒரு வளையமாக, டயரைச் சுற்றி ஒரே அகலத்தில் ஓடியது. முன் டயரிலும், பின் டயரிலும். ரப்பருக்கு ஒரு விரல் தள்ளி ரிம் இருக்கிறது. அதில் கீறல் இல்லை, மஞ்சள் இல்லை, ஒன்றுமே இல்லை. தினமும் வந்து, ரப்பரை மட்டும் விளிம்பில் சாய்த்து, இரும்பைத் தொடவிடாமல் உருட்டி நிறுத்தியிருக்கிறார். தம்பியை எதற்காக நடுத்தெருவில் இறக்கிவிட்டாரோ, அதையே எனக்காக வேண்டுமென்றே செய்திருக்கிறார். கற்றுக்கொள்ள வந்த பெண் சிரித்தபோது, காரணம் பக்கத்து இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தது. அவர் என் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பவில்லை.

எனக்கு அழுகை வந்தது. வாசகருக்குக் குறிப்பாக உணர்த்த வேண்டும், பச்சையாகச் சொல்லக் கூடாது என்பார்கள். நான் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு பிரியத்தை அந்த மனுஷி டயரில் ஒளித்து வைத்திருந்தார், நான் அதைத் தூரிகை போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

7

முடிவுகள்.

அ) தின்னரில் மஞ்சளைத் துடைத்துவிடுகிறேன். அண்ணி வந்து பார்த்துக் கண்கலங்கி என்னைக் கட்டிக்கொள்கிறார். (அண்ணி கட்டிக்கொள்ள மாட்டார். சட்டை கசங்கும்.)

ஆ) மஞ்சளை விட்டுவிடுகிறேன். மறுநாள் புதிய ஆட்களிடம் அவர் முழுக்கதையையும் சொல்ல, அவர்கள் எல்லோரும் சேர்ந்து — (இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கே கூச்சமாக இருக்கிறது.)

இ) நடந்தது. அண்ணி தூங்கி எழுந்த முகத்தோடு இறங்கி வந்தார். ஓட்டுநர் பக்கம் குனிந்து ஒரு டயரை விரலால் தேய்த்து, விரலைப் பார்த்தார்.

"நுரை வெளுக்கற வரைக்கும் தேச்சியா?"

"தேச்சேன்."

என் பக்கம் வந்தார். மஞ்சளைப் பார்த்தார், துணியை மோந்தார்.

"தின்னரா? டயர் பாழாயிடும். போடாத."

"நாளைக்குப் புது ஆளுங்க வராங்களே அண்ணி. பாத்தா கேப்பாங்க."

"கேக்கட்டும்."

அதற்குமேல் அவர் டயரைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தார். நன்றாக மடங்கி, பாதம் பதிந்து, தரையில் குந்தியிருக்கிற என் முழங்காலை. இப்படிக் குந்துவது கடைசியாகத்தான் வரும், வராமலும் போகலாம் என்று ஆஸ்பத்திரியில் அவர் முன்னால்தான் சொல்லியிருந்தார்கள்.

"எப்பலேர்ந்து இப்படி உக்கார்ற?"

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. டயருக்கு டயர் நகர்ந்து இவ்வளவு நேரமாகக் குந்தியிருக்கிறேன், வலிக்கவில்லை.

"இன்னிக்குத்தான் போல" என்றேன்.

அண்ணி முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அண்ணி முகத்தைத் திருப்பினால் யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது. எனக்கு அந்த நேரத்தில் மறந்துவிட்டது.

"அண்ணி, ரொம்ப —"

"தண்ணிய ஊத்து. காஞ்சிடப் போவுது."

ஊற்றினேன்.

8

மறுநாள் புதிய ஆட்கள் மஞ்சளைப் பார்த்துக் கேட்டார்களா, அவர் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. நான் அங்கே இல்லை. கேட்டாலும் ரோடு சரியில்லை என்றுதான் சொல்லியிருப்பார். அதனால் இந்தக் கதைக்கு நான் முடிவு எழுதப் போவதில்லை, ரொம்ப என்ற இடத்தில் நின்றது நின்றபடியே இருக்கட்டும்.

ஆனால் நீங்கள் ரோட்டில் போகிறவர்கள். எங்காவது, இரண்டு பக்கமும் பிரேக் உள்ள ஒரு கார் நிற்பதைப் பார்த்தால், நான்கு டயரும் கறுகறுவென்று இருந்து நடைபாதைப் பக்கத்து இரண்டில் மட்டும் மஞ்சள் வளையம் தெரிந்தால், கண்ணாடியைத் தட்டுங்கள். அந்தச் சொல்லைச் சொல்லுங்கள். அவர் என்னைத்தான் தடுத்திருக்கிறார், உங்களை இல்லை.