மண்டையோட்டுக்கு வைத்த பொட்டு

சரஸ்வதி பூஜை லீவுதானே என்று ஒன்பதரை வரை தூங்கியது என் தப்பு. எழுந்து பார்த்தால் அலமாரியில் என் இசைத்தட்டுகளைக் காணோம். அத்தனையும் ஹெவி மெட்டல் கச்சேரிகள், மேடையிலேயே பதிவானவை.

"அம்மா, என் ரெக்கார்டெல்லாம் எங்க?"

"சாமிகிட்ட கீது. பாட்டும் சரஸ்வதி தானடி?"

தையல் மெஷினுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தாள். மேலே இருந்த அட்டையில் நெருப்பு கக்கும் மண்டையோடு. அதன் நெற்றியில் சந்தனம், குங்குமம். அந்தத் தட்டைத்தான் பன்னிரண்டு மணிக்குள் மகாபலிபுரத்தில் மார்க்குஸிடம் கொடுத்தாக வேண்டும்.

மார்க்குஸ் இன்டர்நெட்டில் பழக்கமான ஜெர்மன்காரர். ஒரு கச்சேரியின் முதல் தட்டு மட்டும் என்னிடம் இருக்கிறது. கூட்டம் கத்தும் இடத்தில் அது நின்றுவிடும். ஒன்பது வருஷமாக மிச்சத்துக்கு ஏங்குகிறேன். இரண்டாம் தட்டு அவரிடம். பதிலுக்கு அவர் கேட்டது இந்த மண்டையோட்டை. பன்னிரண்டுக்கு ஏர்போர்ட் கிளம்பிவிடுவார்.

"நாளைக்கு விஜயதசமி பூஜை முடியறவரைக்கும் தொடாத கீர்த்தனா. படிப்பு வராது."

"சிறுசேரில வேலைக்கே போய்கினு கீறேன், இன்னும் இன்னாம்மா படிப்பு?"

அம்மா அடுப்படிக்குப் போனதும் உருவிவிட்டேன். ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தேன். குங்குமம் கண்குழி வரை இறங்கியது. ஐயையோ! இன்னொரு இழுப்பு. பல்லெல்லாம் சிவப்பு. துடைக்கத் துடைக்கப் பரவியது, பாழாய்ப்போன கை நிற்கவே இல்லை.

ஸ்கூட்டியில் திருக்கழுக்குன்றம் தாண்டும்போதும் ஒரே வேண்டுதல்தான்: வாங்கிக்கொள்ளட்டும். பத்து நிமிஷம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தேன். மார்க்குஸ் ஓட்டல் வாசலில் அட்டையை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்ன ஆயிற்று என்று கேட்டார். பூஜை, பொட்டு, துணி எல்லாவற்றையும் சொன்னேன்.

"பொட்டோடு கொண்டு வந்திருக்கலாமே! அப்படி ஒன்று வேறு யாரிடமும் இருந்திருக்காதே," என்றார் இங்கிலீஷில். மண்டையோட்டை என் கையிலேயே கொடுத்துவிட்டு, எடுத்து வைத்திருந்த இரண்டாம் தட்டைப் பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டு காரில் ஏறினார். அங்கேயே நின்று அழுதேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா திட்டவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. அட்டையை வாங்கிப் பார்த்தாள்.

"அந்த ஜெர்மன்காரன் வாணான்னுட்டானா?"

தலையாட்டினேன். அதைப் பழைய இடத்திலேயே வைத்து, சிவந்து கிடந்த நெற்றியில் புதுசாக ஒரு பொட்டு வைத்தாள்.

"நாளைக்குவரைக்கும் தொடாத," என்றாள்.

இந்தத் தடவை தொடவில்லை.