நிறுத்த வேண்டிய இடம்

வாரத்தில் ஆறு நாள் தையல் மெஷின் மிதித்து வீங்குகிற கால் எனக்கு. ஆலயத்தில் ஆர்கன் வாசித்தவர் மாற்றலாகிப் போனதும் போதகர் என்னைத்தான் பிடித்தார்.

"அதுவும் கால்ல மிதிச்சு காத்தடிக்கிறதுதானே டெய்லரம்மா, உங்களுக்குப் பழக்கந்தானே!"

மூன்று மாதத்தில் விரல்கள் ஓரளவு படிந்தன. பாழாய்ப்போன கால்தான் சொன்ன பேச்சு கேட்கவில்லை. தையல் முடிகிற இடத்தில் நிற்பதுபோல ஒவ்வொரு வரி முடிவிலும் நின்றுவிடும். காற்றில்லாமல் ஆர்கன் முனகி அடங்கும். நான் மறுபடி மிதிக்கும்வரை சபையும் பாட்டை நிறுத்திக் காத்திருக்கும். இப்படியே இரண்டு வருடம் ஓடியது.

போன ஞாயிறு, முறையாக இசை படித்த ஒருவர் ஆர்கன் வாசிக்க வந்தார். அப்பாடா என்று கடைசி பெஞ்சில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். அவர் நிற்காமல் அழகாக வாசித்தார். சபைதான் வரிக்கு வரி நின்றது. அவர் நாலாவது வரிக்குப் போனபோது இவர்கள் இரண்டாவதில் இருந்தார்கள்.

ஆராதனை முடிந்ததும் போதகர் நேரே என்னிடம் வந்தார்.

"அவருக்கு நம்ம பாட்டு பிடிபடல டெய்லரம்மா. எங்கெங்க நிறுத்தணும்னு வாராவாரம் பக்கத்துல உட்கார்ந்து நீங்கதான் சொல்லிக் கொடுக்கணும்."

வீங்கிய காலைச் செருப்புக்குள் திணித்தேன். அது உள்ளே போகவில்லை.