எல்டன் வண்டியின் பானட்

ஞாயிற்றுக்கிழமை காலையானால் என் வீட்டு வாசலில் ஃபோர்டு வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். வேறு கம்பெனி வண்டியில் யாராவது வந்துவிட்டால் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்துதான் வரவேண்டும். அது எங்கள் ஊர் ஃபோர்டு வண்டிக்காரர்கள் சங்கத்தின் விதி. சங்கத் தலைவராக இருந்த என் கணவர் எல்டன் போட்டது. அவர் போய் இரண்டு வருடமாகிறது. அவர் போட்ட விதி ஒன்றுகூட இன்னும் சாகவில்லை.

வந்தவர்கள் கராஜைத் திறப்பார்கள். எல்டனின் அறுபத்துநாலாம் வருட ஃபோர்டு கேலக்ஸியின் மேலிருக்கும் உறையை இரண்டு பேர் மடித்து எடுப்பார்கள். இப்போதைய தலைவன் ஹார்லன் வண்டியைக் கிளப்புவான். எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு அதன் சத்தத்தைக் கேட்பார்கள். அது முடிந்ததும் என் புல்லை வெட்டுவார்கள், குழாயை முறுக்குவார்கள், கூரைமேல் ஏறிப் பார்ப்பார்கள். இவ்வளவு நல்லவர்களைப் போய் இவள் குறை சொல்கிறாளே என்று உங்களுக்குத் தோன்றும். இரண்டு வருடம் அவர்கள் கையில் மாட்டிப் பாருங்கள், அப்புறம் பேசுவோம்.

ஆஸ்பத்திரியில் எல்டனுக்குக் கடைசி நேரம். ஹார்லன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "வண்டியையும் ராஸையும் நான் பாத்துக்கறேன்டா, நீ கவலப்படாத" என்றான். ராஸ் என்றது என்னை. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னான். நான் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தேன்.

எனக்கு ஒரே மகள், நோரீன். தெற்கே, பனியே தெரியாத டூசானில் இருக்கிறாள். கல்யாணமாகி வெகுநாள் கழித்து உண்டாகி, படுக்கையைவிட்டு எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன் பண்ணும்போதெல்லாம், "இங்கயே வந்துடும்மா" என்பாள். எனக்கும் அதே ஆசைதான். மிச்சிகன் பனியையும் ஃபோர்டையும் பார்த்துப் பார்த்து எனக்குக் கண் பூத்துவிட்டது.

வீட்டை விற்கப் பலகை நட்டேன். இளம் தம்பதி ஒன்று ஜப்பான் வண்டியில் வந்து இறங்கியது. எங்கள் சங்கத்தில் கஸ் என்று ஒருவன் உண்டு, வாய் சும்மா இருக்காது. அன்றைக்கு என் வாசலில் சருகு வாரிக்கொண்டிருந்தான்.

"நல்ல வீடுதாங்க. பனி உருகற மாசத்துல மட்டும் நிலவறையில மீன் புடிக்கலாம்" என்றான்.

அவர்கள் உள்ளேயே வரவில்லை. நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். "உன்ன அனுப்ப மனசு வரல, தாயே" என்று அவன் கண் கலங்கினான். அப்படிப்பட்டவனை என்ன செய்வது? உள்ளே கூப்பிட்டு காப்பி கொடுத்தேன்.

வீடு கூடப் பெரிய சிக்கல் இல்லை, பூட்டிவிட்டுப் போய்விடலாம். என்னைக் கட்டிப்போட்டது அந்த வண்டியின் பானட்.

எங்கள் ஊர்க் கண்காட்சிகளில் ஒவ்வொரு வண்டியும் பானட்டைத் திறந்துவைத்துத்தான் நிற்க வேண்டும். மூடியிருந்தால் உள்ளே ஏதோ கோளாறு என்று அர்த்தம். எல்டனின் வண்டி மட்டும் மூடியே நிற்கும். அவர் நடுவர், அவர் வண்டி போட்டியில் இல்லை, அதனால் யாரும் கேட்பதில்லை. அவர் போன பிறகு அதுவே ஒரு மரியாதையாகிவிட்டது. "எல்டன் மூடினது மூடினபடியே இருக்கட்டும்" என்று ஹார்லன் சொல்லிவிட்டான். பழைய எண்ணெயை அவன் கீழே படுத்து இறக்குவான். புது எண்ணெயை மேலே ஊற்றுவது என் வேலை. எல்லோரும் போன பிறகு, முன் சீட்டுக்கு அடியில் எல்டன் ஒளித்துவைத்த கம்பியை இழுத்து, பானட்டைத் தூக்கி ஊற்றிவிட்டு, சத்தமில்லாமல் மூடிவிடுவேன்.

உள்ளே இருப்பது ஷெவி எஞ்சின்.

ஃபோர்டு வண்டிக்குள், ஜென்ம விரோதியான ஷெவி கம்பெனியின் எஞ்சினை வைத்தால் எங்கள் ஆட்களிடம் என்ன பாடு படவேண்டும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். டொலீடோவிலிருந்து ஒருவன் அப்படி ஒரு வண்டியைக் கொண்டுவந்தான். எல்டன் அதன் பானட்டைத் தன் கையாலேயே சாத்தி, "இது சவம்" என்று சொல்லி, அத்தனை பேர் நடுவில் அவனை வாசலுக்கு அனுப்பினார். அந்த ஆள் எங்கள் பக்கம் அப்புறம் தலைவைத்துப் படுக்கவில்லை.

அதற்குப் பின்னால் வந்த ஒரு குளிர்காலத்தில்தான் எல்டன் சறுக்கினார். கோடையில் ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றியவர், உறையாத திரவத்தை மாற்றி ஊற்ற மறந்துவிட்டார். தண்ணீர் உறைந்து எஞ்சின் வெடித்துப் பிளந்தது. நேற்று லைசென்ஸ் வாங்கிய பிள்ளைகூடச் செய்யாத தப்பு. செய்தவர் சங்கத் தலைவர். வேறு ஃபோர்டு எஞ்சின் வேண்டுமென்று யாரிடம் கேட்டாலும் மறுநாள் ஊரெல்லாம் தெரிந்துவிடும்.

அந்தக் குளிரில்தான் என் அப்பா இறந்தார். ஃப்ளின்ட்டில் ஷெவி ஆலையில் வேலை பார்த்தவர். எல்டன் என்னைப் பார்க்க வந்த காலத்தில், அவருடைய ஃபோர்டை எங்கள் வாசலில் நிறுத்த அப்பா விடவே இல்லை. முட்டளவு பனியில் தெருக்கோடியிலிருந்து நடந்து வருவார் மாப்பிள்ளை. கல்யாணத்துக்கு முந்தின வாரம் என் சின்ன ஷெவியை விற்கச் சொன்னார் எல்டன், நான் விற்றேன். அப்பாவின் ஷெவி இம்பாலாவை என் தம்பிகள் பழைய இரும்புக்குப் போட இருந்தார்கள். எல்டன் அதிலிருந்து எஞ்சினைக் கழற்றிக்கொண்டுவந்தார், கராஜ் கதவைச் சாத்திக்கொண்டு குளிர்காலம் முழுக்க வேலை செய்தார். ஷெவிக்கே உரிய ஆரஞ்சு நிறத்தின் மேல் ஃபோர்டு நீலத்தை அடித்தார். "உங்கப்பா நம்ம வீட்லயே இருக்கட்டுமே, ராஸ்" என்றார். அப்பாவைக் கேட்டாரா, என்னைக் கேட்டாரா?

ஆக, வண்டியைச் சங்கத்துக்கே கொடுத்துவிட்டுப் போனால் அன்று மாலையே திறந்துவிடுவார்கள். வெளியே விற்றால் வாங்கியவன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். எல்டன் பெயர் நாறிப்போகும். விட்டுவிட்டுப் போனால் எண்ணெய் ஊற்ற ஆள் கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் பானட்தான் நின்றது. நாற்பது வருடம் குடித்தனம் செய்த மனிதரைச் செத்த பிறகு சந்தி சிரிக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லாமலும் இல்லை.

எங்கள் நாட்டில் தொழிலாளர் தினம் செப்டம்பரில் வரும். இந்த வருட ஊர்வலத்தில் வழக்கம்போல் எல்டனின் வண்டிதான் முன்னால் போனது. ஹார்லன் ஓட்ட, நான் பக்கத்தில் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு இரு பக்கமும் கையாட்டினேன். பின்னால் கஸ்ஸின் மஸ்டாங், அதற்குப் பின்னால் எங்கள் ஆட்கள், அவர்களை அடுத்து ஷெவி சங்கம். செப்டம்பர் என்று பேர்தானே தவிர, வெயில் மண்டையைப் பிளந்தது. வண்டி ஊர்ந்தது. அப்போதுதான் நோரீன் போன் செய்தாள்.

"அம்மா, பிரஷர் ஏறிடுச்சு. நாளைக்குக் காலையில ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்ங்கறாங்க. எனக்கு பயமா இருக்கும்மா. வர்றியா, வரலியா?"

"ஊர்வலத்துல இருக்கேன்டி."

"நீ எப்பவும் அதுலதாம்மா இருக்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

இறங்கலாம் என்று பார்த்தால் இரு பக்கமும் தடுப்பு, தடுப்புக்குப் பின்னால் கொடியாட்டும் கூட்டம். முன்னால் பள்ளிக்கூட பாண்டு. போனைக் கையில் பிடித்தபடியே கையாட்டினேன். என்னை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது. அந்த நேரத்தில்தான் சூடு காட்டும் முள் கண்ணில் பட்டது. கடைசிக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"ஹார்லன், முள்ளப் பாரு."

"பாத்துட்டேன்."

"அப்ப நிறுத்து."

"சர்ச்சத் தாண்டிட்டா பார்க் வந்துடும்."

பானட்டின் இடுக்கு வழியாக ஆவி வந்தது. உறையாத திரவத்தின் தித்திப்பான வாடை மூக்கில் ஏறியது. எஞ்சினுக்குள்ளிருந்து 'டக் டக்' என்று ஒரு தட்டல் கேட்டது.

"பானட்டத் திறந்து ஆற விடுடா! வெந்து போயிடும்!"

"எல்டன் மூடினத நான் திறக்க மாட்டேன். வெந்தா வேகட்டும்."

நான் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தேன். இந்த வண்டியில் ஒரு கீறல் விழுந்தால் சோறு இறங்காத மனிதன் ஹார்லன். அவன் வாயில், வேகட்டும் என்று வருகிறதா?

"உனக்குத் தெரியும்" என்றேன்.

அவன் நேரே சாலையைப் பார்த்தான். "ரெண்டு வருஷமா இதுக்கு அடியில படுத்து எண்ணெய் எறக்கறேன். நான் என்ன குருடனா, ராஸ்? அவன் மொத தடவ இத வெளிய எடுத்தப்பவே சத்தத்துல தெரிஞ்சு போச்சு. எங்க எல்லாருக்கும்தான்."

"கஸ்ஸுக்கும்?"

"கஸ்தான் மொதல்ல சொன்னான். சொல்லிட்டு, யாரும் வாயத் திறக்கக் கூடாதுன்னும் அவனேதான் சொன்னான்."

இரண்டு வருடம். ஒளிந்து ஒளிந்து எண்ணெய் ஊற்றியது, நோரீனிடம் சாக்குச் சொன்னது எல்லாம் யாரிடம் மறைக்க? நான் பூட்டிக் காத்த அறைக்குள் நான் மட்டும்தான் இருந்திருக்கிறேன். எனக்கு அழுகை வரவில்லை, அவன் கழுத்தை நெரிக்கலாம் போல வந்தது.

"அப்ப யாருக்காகடா இந்த வேஷம்?"

ஹார்லன் பின்னால் வந்த ஷெவி சங்கத்தைத் தாடையால் காட்டினான். "அவனுங்க பாக்கக் கூடாது. எஞ்சின் போனா போகுது. அசல் ஃபோர்டு எஞ்சின் ஒண்ணு எங்க கராஜ்ல ரெடியா வெச்சிருக்கேன். இத இரும்புக் கடையில போட்டுட்டு அத மாட்டிடலாம். அப்புறம் உனக்கும் நிம்மதி. காலம்பூரா நீ இதே சீட்டுல ஜம்முன்னு..."

காலம்பூரா. அந்தத் தட்டல் இன்னும் பெரிதாகக் கேட்டது. அப்பா வாழ்நாளெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் காது வைத்துக் கேட்ட எஞ்சின், நீலச் சட்டைக்குள் வெந்துகொண்டிருந்தது. நான் சீட்டுக்கு அடியில் கைவிட்டுக் கம்பியை இழுத்தேன்.

பானட் எகிறியதும் ஹார்லன் பிரேக்கை மிதித்தான். "வேணாம், ராஸ்!" என்று கத்தினான். நான் இறங்கிப் போய், விளிம்புக்கு அடியில் விரலை விட்டுக் கொக்கியை நீக்கி, இரண்டு கையாலும் தூக்கி நிறுத்தினேன். ஆவி முகத்தில் அடித்தது. வெள்ளைக் கையுறை கறுத்துப்போனது.

கஸ் ஓடிவந்தான். "மூடு, மூடு! மானம் போகுது!" என்றான். அவனுக்குப் பின்னாலேயே ஷெவி சங்கத்து ஆள் ஒருவர் தண்ணீர்க் குடுவையோடு வந்தார். "ரேடியேட்டர் மூடியில கை வெச்சுடாதீங்க, ஆறட்டும்" என்று சொல்லிக்கொண்டே குனிந்தவர் அப்படியே நின்றார். தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் ஃபோர்டு எஞ்சினில் முன்னால் இருக்கும், ஷெவியில் பின்னால் இருக்கும். தெரிந்தவருக்கு ஒரு பார்வை போதும்.

"டேய், ஓடியாங்கடா! நம்ம ஆளு இங்க நீலச் சட்டை போட்டுக்கிட்டு ஒளிஞ்சிருக்காரு!"

கொல்லென்று சிரித்தார்கள். கஸ் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"எங்கப்பாவோட எஞ்சின் இது" என்றேன். எனக்கே என் குரல் அவ்வளவு பெரிதாகக் கேட்டு வெகுநாளாயிற்று. "ஃப்ளின்ட்ல ஷெவி ஆலையில உழைச்சவரு. எல்டன்தான் இத இங்க வெச்சாரு, வேற வழி தெரியாம. சிரிக்கறதுன்னா இப்பவே சிரிச்சு முடிச்சுடுங்க."

சிரிப்பு ஓய்ந்தது. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. பாண்டுப் பிள்ளைகள் திரும்பி நின்று வேடிக்கை பார்த்தார்கள். யாரோ ஒரு கிழவர், "இம்பாலாவோடதா? நல்ல எஞ்சினாச்சே" என்றார், அவ்வளவுதான்.

கையுறைகளைக் கழற்றி முன் சீட்டில் வைத்தேன். குடுவைக்காரரிடம், விமான நிலையம் வரை கொண்டுவிட முடியுமா என்று கேட்டேன். அவர் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு சந்து திறந்திருந்தது. அவர் கதவைத் திறந்து பிடித்தார். கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஒரு ஷெவியில் ஏறி உட்கார்ந்தேன்.

ஹார்லன் தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு ஜன்னலருகே வந்தான்.

"எப்ப வருவ?"

"வரமாட்டேன், ஹார்லன்."

"அடுத்த வருஷம் அந்த சீட்டுல யாரு?"

"கையுறையே உக்காந்திருக்கட்டும், அது நல்லாத்தான் கையாட்டும். வண்டி சங்கத்துக்கு. உன் அசல் எஞ்சின மாட்டிக்கோ. எங்கப்பாவ மட்டும் கழட்டி டூசானுக்கு அனுப்பிடு."

அவன் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். நாற்பது வருடப் பழக்கம், எனக்கும் வலித்தது. ஆனாலும் கதவைத் திறக்கவில்லை.

"அப்படியே அனுப்பிடட்டுமா?" என்றான்.

"இல்ல. அந்த நீலத்தச் சுரண்டிட்டு அனுப்பு."