வயலில் நின்ற நீதிமன்றம்

அமெரிக்காவில் டகோட்டாவின் அந்த மூலையில் எல்லிஸ் ஹார்க்னஸ் கட்டடக் கலைஞர் என்று பெயரெடுத்தது கோல்டர் ஊரின் நீதிமன்றத்தால்தான். அதுவரை வங்கிகளுக்கு முகப்பும் தானியக் கிடங்குகளுக்குக் கூரையும் வரைந்துகொண்டிருந்தவர், மரத்திலேயே இரண்டு மாடி எழுப்பி உச்சியில் மணிக்கூண்டும் வைத்தார். திறப்பு விழாவில் தன்னோடு நடனமாடிய உள்ளூர் மளிகைக்கடைக்காரர் மகள் மினர்வாவையே கல்யாணம் செய்துகொண்டு அந்த ஊரிலேயே தங்கிவிட்டார்.

பிறகு ரயில் வந்தது. கோல்டரைத் தொடாமல் ஆஷ்பி வழியாகப் போனது. மாவட்டத் தலைநகரையும் அதோடு நீதிமன்றத்தையும் ஆஷ்பிக்கு மாற்றுவதென்று வாக்கெடுப்பில் முடிவாயிற்று. நாற்காலி மேசைகளைத்தான் தூக்கிப் போவார்கள் என்று கோல்டர்காரர்கள் நினைத்திருக்க, ஆஷ்பியின் ஓட்டல் முதலாளி தாடியஸ் க்ரோல் கட்டடத்தையே இழுத்துப் போவது என்று கிளம்பிவிட்டார். நேராக எல்லிஸ் வீட்டுக்குத்தான் வந்தார்.

“எந்த உத்தரம் எங்க இருக்குன்னு உங்களுக்குத்தான் தெரியும். நீங்க வரலைன்னாலும் தூக்கத்தான் போறோம். பாதி வழியில பொளந்துக்கிச்சுன்னா எங்களைத் திட்டாதீங்க.”

அவர் போனதும் மினர்வா அடுப்படியிலிருந்து வந்தாள்.

“நீங்க போனா எங்கப்பா முகத்துல நான் எப்படிங்க முழிப்பேன்?”

“போகலைன்னா அது உடைஞ்சிடும், மின்னி.”

“உடையட்டுமே! அவங்களுக்கும் இல்லாம போகட்டும்.”

எல்லிஸ் காபியைக் குடித்துவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டார். வாசல் தாண்டும்போது முதுகில் ஏதோ வந்து விழுந்தது. அவருடைய கம்பளிக் கையுறைகள்.

“வெரல் வெறைச்சுப் போய் வந்து நிக்காதீங்க,” என்றாள்.

பனி பாறையாக உறைந்திருந்த ஜனவரியில் ஜாக்கி வைத்துக் கட்டடத்தைத் தூக்கி, அடியில் நீண்ட சறுக்குக் கட்டைகளைச் செருகி, வரிசை வரிசையாகக் குதிரைகளைப் பூட்டினார்கள். மணிக்கூண்டு லேசாக ஆடியபடி கடைத்தெருவைக் கடந்தது. மாமனார் தன் மளிகைக்கடை வாசலில் நின்று கத்தினார்: “மாப்ளே, கையோட என் கடையையும் இழுத்துட்டுப் போங்க! வியாபாரமெல்லாம் இனி அங்கதானே!”

தெருவே சிரித்தது. எல்லிஸ் சறுக்குக் கட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பாதி வழியில் மேற்கிலிருந்து வெதுவெதுப்பான காற்று அடித்தது. சாயங்காலத்துக்குள் பனி உருகிச் சேறாயிற்று. இங்கெபோர்க் என்ற நார்வேக்கார விதவையின் கோதுமை வயலில் கட்டடம் புதைந்து நின்றது.

“இன்னும் ரெண்டு ஜோடியைப் பூட்டுங்கடா!” என்றார் க்ரோல்.

“பூட்டினா அடிச்சட்டம் பிடுங்கிட்டு வந்துடும். இனி இதை யாரும் தொடக் கூடாது,” என்றார் எல்லிஸ்.

“அதைச் சொல்ல நீங்க யாரு?”

“இதைக் கட்டினவன்.”

குதிரைக்காரர்கள் க்ரோலைப் பார்க்கவில்லை. பூட்டிய குதிரைகளை அவிழ்த்தார்கள்.

வழக்குகள் காத்திருக்குமா? வசந்தத்தில் நீதிபதி வண்டியேறி வயலுக்கே வந்து விசாரித்தார். இரண்டு ஊர்க்காரர்களும் முறைத்துக்கொண்டு வந்து, புல்லில் உட்கார்ந்து பன்றி இறைச்சியும் ரொட்டியும் தின்றுவிட்டுப் போனார்கள். ஒருநாள் இங்கெபோர்க் எல்லிஸிடம் வந்தாள்.

“உங்க மாளிகை என் கோதுமை மேல உக்காந்திருக்கு, ஐயா. வாடகை கேக்க வரல. கோர்ட்டு இல்லாத நாள்ல பிள்ளைங்க உள்ள உக்காந்து படிக்கட்டுமா? இந்தப் பக்கம் பள்ளிக்கூடமே கிடையாது.”

எல்லிஸ் திறந்துவிட்டார். வழக்கில் தீர்ப்புச் சொல்லும் ஜூரிகளின் நாற்காலிகளில் பிள்ளைகள் கால் எட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல்கள் அவர்கள் தலைக்கு மேலே எங்கோ இருந்தன. கணப்பின் சூடு அறைக்கோடிக்குப் போய்ச் சேரவில்லை. தான் ஆசை ஆசையாக வரைந்த கட்டடத்தில் ஒரு பிள்ளை எப்படி உட்காரும் என்று இதுவரை நினைத்ததில்லை என்பது அவருக்கு உறைத்தது. மறுவாரமே ரம்பத்தோடு வந்து ஜன்னல்களைக் கீழே இறக்கினார்.

அடுத்த குளிர்காலத்தில் க்ரோல் மறுபடி குதிரைகளோடு கிளம்பினார்.

“இதை விட்டுடுங்க,” என்றார் எல்லிஸ். “ஆஷ்பிக்குச் செங்கல்லுல புதுசா வரைஞ்சு தரேன். ரயில்ல வர்றவன் கண்ணுல முதல்ல அதுதான் படும்.”

“மணிக்கூண்டு?”

“இதைவிட உசரம்.”

க்ரோலுக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

இங்கெபோர்க் அந்த வயல் மூலையைப் பள்ளிக்கு எழுதிக் கொடுத்தாள். எல்லிஸ் கட்டடத்துக்கு அடியில் கல் அஸ்திவாரம் போட்டார். மினர்வாவின் அப்பா கரும்பலகையைக் கொடுத்தனுப்பினார். மாப்பிள்ளையோடு பேசுவதாக மட்டும் இல்லை.

ஆஷ்பியின் செங்கல் நீதிமன்றத்தைப் பார்த்துப் பெரிய ஊர்களிலிருந்தும் எல்லிஸைக் கூப்பிட்டார்கள். சிலவற்றுக்குப் போனார். ஆனால் அவர் ஆயுளில் பாதி கிராமத்துப் பள்ளிகளுக்கே போயிற்று: தாழ்ந்த ஜன்னல், நடுவில் கணப்பு, வாடைக்காற்று நுழையாதபடி தெற்கே வாசல். பட்டணத்துப் பத்திரிகைகள் அவற்றைக் கண்டுகொள்ளவில்லை.

வயல் பள்ளியின் ஒரு கிறிஸ்துமஸ் விழாவில் எல்லிஸ் முன்வரிசை பெஞ்சில் மினர்வாவோடு உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் பாடத் தொடங்கியபோது பின்னாலிருந்து ஒரு விரல் தோளைத் தட்டியது. மாமனார்.

“கொஞ்சம் தள்ளி உக்காருங்க, மாப்ளே. ஒண்ணும் தெரியல.”

எல்லிஸ் தள்ளி உட்கார்ந்தார். மினர்வா திரும்பிப் பார்க்காமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.